திங்கட்கிழமைக் கோபம், வியாழக்கிழமை சுவிட்ச்

"அம்மா, அவன் செஞ்சானா, இல்லையா? எனக்கு அதை மட்டும் சொல்லுங்க."

ஓசூர் வழக்கறிஞர் ரேணுகாதேவி அவர்களிடம் முதல் நாள் நான் கேட்ட கேள்வி இது. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மெதுவாக நிமிர்ந்து பார்த்தார்.

"வாத்தியாரே, நீங்க கேட்டது ஒரு கேள்வி இல்லை. நாலஞ்சு கேள்வியை ஒண்ணாச் சுருட்டிக் கையில கொடுக்கறீங்க. பிரிச்சுக் கொடுங்க, பதில் சொல்றேன்."

போன வாரம் ஒரு காலை, உழவர் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது போச்சம்பள்ளியிலிருந்து என் பழைய குடித்தனக்காரன் செல்வகுமார் அழைத்தான். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல். "சார், லாயரம்மா போயிட்டாங்க சார்" என்றான். கடைக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டு அங்கே கிடந்த ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது அவருடைய முகம் இல்லை, அந்தப் பதில்தான். "பிரிச்சுக் கொடுங்க."

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். கெலமங்கலம் பக்கத்துப் பெண்மணி. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சட்டம் படித்த பெங்களூரில் கன்னடம். மூன்று மொழியிலும் சண்டை போடுவார், மூன்றிலும் சமாதானம் பேசுவார். கிரிமினல் வழக்குகள் மட்டுமே நடத்தினார். கறுப்பு கோட்டு வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதைச் சொன்னால், "கோட்டும் நானும் ஒரே வயசு, ரெண்டு பேரையும் ஒண்ணா மாத்திக்கலாம்" என்பார். ஊரில் எல்லாருக்கும் அவர் லாயரம்மா.

நான் ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியன். குடிமக்களின் கடமைகள் என்ற பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது என் வீட்டு மாடியில் குடியிருந்த செல்வகுமாரின் வழக்கு.

செல்வகுமார் சாத்தூர்ப் பக்கத்துப் பையன். மனைவி தேன்மொழி, ஒரு பெண் குழந்தை. சிப்காட்டில் இரும்புத் தகடுகளை அழுத்தி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பெரிய பிரஸ் மெஷினை இயக்குவது அவன் வேலை. அதே மெஷினில் அச்சு மாற்றுகிறவர் முனிராஜ். பாகலூர் ரோட்டில் வீடு, பேச்சு தெலுங்கு. இருவரும் கூட்டாளிகள். முனிராஜின் பைக்கில்தான் செல்வகுமார் வேலைக்குப் போவான்.

அந்த மெஷினில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சு மாற்ற ஒருவர் உள்ளே குனிந்து நுழையும்போது, பின்பக்கத்து மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. பூட்டுகள் அலமாரியில், சாவி சூப்பர்வைசரிடம். அவரைத் தேடிப் பிடித்து வாங்கி வருவதற்குள் உற்பத்தி நின்றுபோகும், திட்டு விழும். அதனால் தொழிலாளர்களே ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். உள்ளே போகிறவர் தன் சேஃப்டி ஹெல்மெட்டைக் கழற்றி அந்தச் சுவிட்சின் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். ஹெல்மெட் தொங்கினால் உள்ளே ஆள். மாட்டியவர்தான் எடுக்கலாம். மற்றவர் தொடமாட்டார்கள். சூப்பர்வைசருக்கும் இது தெரியும்.

ஒரு திங்கட்கிழமை, கேன்டீனில் இருவருக்கும் வாய்ச்சண்டை. குழந்தைக்குக் காது குத்த ஊருக்குப் போக வேண்டும், என் ஷிப்டை மாற்றிக்கொள் என்று செல்வகுமார் கேட்டிருந்தான். சரி என்ற முனிராஜ் கடைசியில் முடியாது என்றுவிட்டார். செல்வகுமார் கத்தினான்: "ஒன்னைய ஒழிச்சுக் கட்டாம விடமாட்டேன் பாத்துக்க!" கேன்டீன் முழுக்கக் கேட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை, வெளியிலிருந்து தணிக்கைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. தணிக்கை நாளில் நம் ஊர்த் தொழிற்சாலைகள் எப்படி இருக்கும் என்று இங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். தரையில் புதுக்கோடு, சுவரில் புதுப் பெயின்ட், எந்தப் பொருளும் தன் இடத்தை விட்டு நகரக்கூடாது. "எங்கேயும் எதுவும் தொங்கக்கூடாது" என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டார். துப்புரவு வேலைக்கு வேறு ஷெட்டிலிருந்து அன்றுதான் அங்கே அனுப்பப்பட்ட கெம்பம்மா, சுவிட்சில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்து, ஹெல்மெட் வைக்கும் தட்டில் அழகாக அடுக்கிவிட்டார்.

டீ குடித்துவிட்டு வந்த செல்வகுமார் சுவிட்சைப் பார்த்தான். ஹெல்மெட் இல்லை. "பவர் போடுறேன்" என்று குரல் கொடுத்தான். கொஞ்சம் நின்றான். பக்கத்து மெஷின்களின் சத்தம். பதில் வரவில்லை. போட்டான். பாதியில் நின்றிருந்த மெஷினின் மேல்பாகம் இறங்கியது. அவன் டீக்குப் போயிருந்தபோது நுழைந்த முனிராஜ் உள்ளே இருந்தார்.

போலீஸ் முதலில் விபத்து என்றுதான் எழுதியது. கேன்டீன் சண்டை தெரிய வந்ததும் கொலை வழக்காக மாற்றி, செல்வகுமாரைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பியது. அதற்குப் பிறகுதான் தேன்மொழியையும் ஊரிலிருந்து வந்த அவள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நான் லாயரம்மாவிடம் போனேன். ஆயுள் தண்டனை என்ற வார்த்தையை யாரோ சொல்லி, அந்தப் பெண் இரண்டு நாட்களாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் "பிரிச்சுக் கொடுங்க" என்றார் அவர்.

"அவன் கை சுவிட்சைப் போட்டுதா? போட்டுது. அதுல சண்டையே இல்லை. அந்தக் கையாலதான் சாவு வந்துதா? அதையும் பார்க்கணும், நடுவுல வேற கை இருக்குது. போடறப்ப அவன் மனசுல என்ன இருந்துது? அது இன்னொண்ணு. சட்டத்துக்குக் கையும் வேணும், மனசும் வேணும் வாத்தியாரே. ஒண்ணு மட்டும் இருந்தா கொலை ஆகாது."

எனக்குப் பழைய பழக்கம். எதைக் கேட்டாலும் உதாரணம் தேடுவேன். "பஸ் சடன் பிரேக் போட்டா என் முழங்கை பக்கத்துல நிக்கறவர் கண்ணாடியை உடைச்சுடுது. அந்த மாதிரியா?" என்றேன்.

"அதுல உங்க கை உங்க கையே இல்லை, டிரைவர் தள்ளின கை. செல்வகுமார் தானாத்தான் போட்டான். அதனால உங்களுக்குப் பாதி மார்க்."

"கம்பெனி பஸ்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி சாப்பாட்டுப் பை. ஒருத்தன் தன்னுதுன்னு நினைச்சு அடுத்தவன் பையை எடுத்துட்டுப் போயிடறான்."

"இது சரி. எடுத்தது நிஜம், திருடணும்னு மனசு இல்லை. அவனைத் திருடன்னு சொல்ல மாட்டோம். நான் ஒண்ணு சொல்லட்டா? கிருஷ்ணகிரி மாந்தோப்புக்காரன் ஒருத்தன், பக்கத்துத் தோப்புக் காயெல்லாம் கொட்டிப்போகணும்னு சாமிகிட்ட வேண்டிக்கறான். மறுநாள் ஆலங்கட்டி மழை, எல்லாம் கொட்டிப்போச்சு. மனசு முழுக்க விஷம். உள்ளே போடலாமா?"

"எப்படிம்மா போட முடியும்? அவன் ஒண்ணும் செய்யலையே."

"அதேதான். வெறும் நினைப்புக்குத் தண்டனை கொடுத்தா நானும் நீங்களும் இந்நேரம் சேலத்துல இருப்போம்."

அழுதுகொண்டிருந்த தேன்மொழி அப்போது லேசாகச் சிரித்தாள். அவள் பக்கம் திரும்பி, "சாப்பிடு கண்ணு. இந்த வழக்கு சீக்கிரம் முடியாது. தெம்பு வேணும்" என்றார் லாயரம்மா. சீக்கிரம் முடியாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

பிறகு தொடங்கியது அலைச்சல். ஜாமீன் மனு தள்ளுபடி, மறுபடி மனு. செல்வகுமார் வெளியே வரவே பல மாதங்கள் ஆயின. வந்தவனைக் குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தத் தொழிற்சாலை அவனைத் திரும்ப எடுக்கவில்லை. போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் தற்காலிகமாகச் சேர்ந்தான். வழக்கு கிருஷ்ணகிரி செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஓசூரிலிருந்து பஸ் பிடித்துப் போவோம். சாட்சி வரவில்லை, வாய்தா. அரசு வழக்கறிஞர் விடுப்பு, வாய்தா. நீதிபதி மாற்றம், வாய்தா. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். லாயரம்மாவுக்குச் சர்க்கரை நோய். படி ஏறும்போது நடுவில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். "மூச்சு வாங்கலைங்க, சும்மா சுவரைப் பார்த்தேன்" என்பார்.

அப்படி ஒரு வாய்தா நாளில்தான் தேன்மொழியின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனிதர், தங்கையின் கண்ணீர் தாங்காதவர். "அம்மா, ஹெல்மெட்டை எடுத்தது அந்தக் கெம்பம்மாதான? எல்லாத்துக்கும் அவதான் காரணம்னு அவ தலைல போட்டுட்டா நம்ம மாப்பிள்ளை வெளிய வந்துருவாருல்ல?"

லாயரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த டப்பாவை மூடினார்.

"ஏன்க, உங்க மச்சானுக்கு ஒரு சட்டம், அந்தப் பொம்பளைக்கு ஒரு சட்டமா? அவ கையும்தான் ஒண்ணு செஞ்சுது. அவ மனசுல என்ன இருந்துது? தட்டுல அடுக்கி வெக்கணும்னு இருந்துது. உள்ளே ஆள் இருக்குதுன்னா ஹெல்மெட் தொங்கும்னு அவளுக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியுது. செல்வகுமாருக்கு நான் எதைக் கேக்கறேனோ அதைக் கெம்பம்மாகிட்ட இருந்து பிடுங்கிக் கொடுத்தா, நாளைக்கு எந்த வாயோட நான் கேக்கறது? அவ சாட்சி நமக்கு வேணும். அவ தலை நமக்கு வேணாம்."

சொல்வது எளிது. கெம்பம்மா சாட்சி சொல்ல வந்தால், தானே மாட்டிக்கொள்ளும் அபாயம் இருந்தது. ஒப்பந்தக் கூலி, கணவன் இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. லாயரம்மா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கன்னடத்தில் பேசினார். நானும் கூட இருந்தேன். பேச்சில் பாதி எனக்குப் புரிந்தது. "நான் செல்வகுமாரோட வக்கீல். உனக்கு வக்கீல் இல்லை. அதனால நான் சொல்றதை மட்டும் நம்பாதே" என்று வேறொரு வழக்கறிஞரிடம் அவரை அனுப்பினார். அந்த வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வந்த கெம்பம்மா, "அந்தம்மா உள்ளதைச் சொல்லுன்னாங்க. சொல்றேன். ஆனா எனக்குக் கை நடுங்கும்" என்றார். "நடுங்கட்டும். கையைப் பார்த்து யாரும் தீர்ப்பு எழுத மாட்டாங்க" என்றார் லாயரம்மா.

செல்வகுமாரிடமும் அவர் பொய் ஆறுதல் சொன்னதில்லை. ஒருநாள் நேராகவே சொன்னார்: "கொலை நிக்காது. ஆனா அலட்சியம்னு ஒண்ணு இருக்குது. கொல்லணும்னு நினைக்காட்டியும், கவனமா இருந்திருக்கணும்னு சட்டம் கேக்கும். நீ சுத்திப் போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம்."

செல்வகுமார் தலை குனிந்தான். "பாத்திருக்கலாம்மா. தினமும் அதத்தாம்மா நெனைக்கேன். ஹெல்மெட் இல்லைன்னதும் அங்கன யாரும் இல்லைன்னு நெனைச்சிட்டேன்."

"அதையே கோர்ட்டுல சொல்லு. கூட ஒண்ணும் சேர்க்காதே, ஒண்ணும் குறைக்காதே. உன் இடத்துல வேற ஒரு கவனமான ஆள் இருந்தா என்ன செஞ்சிருப்பான்னுதான் அவங்க பார்க்கணும். தெய்வம் இருந்தா என்ன செஞ்சிருக்கும்னு இல்லை."

விசாரணை நாள் ஒருவழியாக வந்தது. அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி, கேன்டீனில் பரிமாறுகிற ஒருவர். செல்வகுமார் மிரட்டியதைத் தெளிவாகச் சொன்னார். குறுக்கு விசாரணைக்கு எழுந்த லாயரம்மா, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒழிச்சுக் கட்டிடுவேன்னு கத்தினாரு. அப்புறம் என்ன பண்ணாரு?"

"ஒக்காந்துட்டாரும்மா."

"எங்கே?"

"முனிராஜு பக்கத்துலயேதான்."

"பக்கத்துல உக்காந்து?"

"போண்டா சாப்பிட்டாங்கம்மா. ஒரே தட்டுல."

கோர்ட்டில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"செவ்வாய், புதன்ல ரெண்டு பேரும் எப்படி வேலைக்கு வந்தாங்க?"

"முனிராஜு வண்டியிலதான் வந்தாங்க. நான் கேட்டுல பார்த்தேன்."

இதை வைத்துப் பின்னால் லாயரம்மா வாதாடியது சுருக்கமாகத்தான். திங்கட்கிழமை ஒரு கோபம் இருந்தது. வியாழக்கிழமை ஒரு கை அசைந்தது. கொலை என்று சொல்ல, அந்த மனமும் அந்தக் கையும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும். என்றோ வந்த கோபத்தை எடுத்து வேறொரு நாள் அசைந்த கைக்குப் பொருத்திவிட முடியாது. கொல்ல நினைத்தவன் "பவர் போடுறேன்" என்று ஏன் குரல் கொடுக்கிறான்? சேர்ந்திருந்தது என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டியவர்களின் வேலை, இல்லை என்று காட்டுவது செல்வகுமாரின் வேலை இல்லை.

அடுத்த சாட்சியாகக் கெம்பம்மா வந்தார். கை நடுங்கியது. ஹெல்மெட்டை எடுத்ததை, யார் எடுக்கச் சொன்னார் என்பதை, அது ஏன் அங்கே தொங்கியது என்று தனக்குத் தெரியாததை, சொல்லி முடித்தார். பூட்டின் சாவி யாரிடம் இருந்தது என்பது சூப்பர்வைசரின் வாயிலிருந்தே வந்தது. "கேட்டா கொடுத்திருப்பேன்" என்றார் அவர். "கேக்காம கொடுக்க வேண்டியது உங்க கடமையா, இல்லையா?" என்று லாயரம்மா கேட்டார்.

பிறகு லாயரம்மா வெளியே வந்து எனக்கு அதை விளக்கினார். "ஏரியில ஒருத்தன் மூழ்கறான். கரையில நிக்கற வழிப்போக்கன் குதிக்கலைன்னா அவனை நாம திட்டலாம், ஜெயில்ல போட முடியாது. நீச்சல் கத்துக்கொடுக்கக் கூட்டிட்டுப் போனவன் சும்மா நின்னா போடலாம். சும்மா இருக்கறதும் குற்றமாகும், ஆனா கடமை இருக்கறவனுக்கு மட்டும்தான். நீங்க அடுத்த உதாரணம் யோசிச்சு வைங்க. நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்." பெஞ்சில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டார்.

தீர்ப்பு வந்தது. கொலை நிரூபிக்கப்படவில்லை. அலட்சியமும் இல்லை, அந்த இடத்தில் எல்லாரும் எதை நம்பி வேலை செய்தார்களோ அதைப் பார்த்து, குரல் கொடுத்து, காத்திருந்து செய்திருக்கிறார் என்று விடுதலை. தேன்மொழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்வகுமார் யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

எங்கள் மகிழ்ச்சி படியிறங்கும் வரைதான் இருந்தது. கீழே முனிராஜின் மனைவி நாகரத்னா நின்றிருந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரும் வந்து, எங்களுக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். செல்வகுமார்தான் வேண்டுமென்றே கொன்றான் என்று நம்பியவர். அவனுக்குச் சோறு போட்ட கை அவருடையது. அந்த முகத்தைச் சந்திக்க முடியாமல் அவன் என் பின்னால் ஒதுங்கினான். அவர் அவனைப் பார்க்கவில்லை, லாயரம்மாவைத்தான் மறித்தார். தெலுங்கில் கேட்டார். லாயரம்மா பிறகு எனக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

"இவனும் கொல்லலை, அவளும் கொல்லலை. அப்ப என் வீட்டுக்காரர் தானாப் போய்ச் செத்தாரா?"

லாயரம்மா படியிலேயே உட்கார்ந்தார். நாகரத்னாவையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நிர்வாகத்தின் மேல் தொழிற்சாலைச் சட்டப்படி தனியாக ஒரு வழக்கு நடந்து, அது அபராதத்தோடு முடிந்திருந்தது. அந்தச் சட்டத்தில் மனம் என்ன நினைத்தது என்று அதிகம் தேடமாட்டார்கள், பாதுகாப்பைச் செய்தாயா இல்லையா என்பதுதான் கேள்வி. அதைச் சொன்னார். சூப்பர்வைசர் மேல் புகார் கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்கலாம், ஆனால் அதற்கு வேறு வக்கீல் வேண்டும், அதுவும் வருடக்கணக்கில் இழுக்கும் என்றார்.

"எனக்கு ஒரு பேரு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு. நான் யாரைத் திட்டறது?"

"ஒரே ஒரு பேரு என்கிட்ட இல்லை, நாகரத்னா. இருந்த மாதிரி சொன்னா அது பொய். யாரையாவது திட்டித்தான் ஆகணும்னா என்னைத் திட்டு. நான் தினமும் கோர்ட்டுக்கு வர்றேன், ஓடிப் போக மாட்டேன்."

நாகரத்னா உண்மையாகவே திட்டினார். அன்று மட்டும் இல்லை, அதன்பின் ஓசூரில் பார்க்கும் இடத்திலெல்லாம். லாயரம்மா நின்று கேட்டுக்கொள்வார். "நீங்க ஏம்மா இதை வாங்கிக்கறீங்க? உங்க வேலை முடிஞ்சுதே" என்று நான் ஒருமுறை கேட்டேன். "செல்வகுமாருக்கு முடிஞ்சுது. அவளுக்கு எங்கே முடிஞ்சுது? தண்டனை கொடுக்கறதுக்குச் சட்டம் ரொம்பக் கேக்கும் வாத்தியாரே. கேக்கத்தான் வேணும். ஆனா கேட்டு முடிச்சப்புறம் வெறுங்கையோட நிக்கற ஒரு ஆள் எப்பவும் இருப்பாங்க. அவங்ககிட்ட யாரும் பேசறதில்லை" என்றார்.

கடைசி ஆண்டில் அவர் கோர்ட்டுக்குப் போவது குறைந்தது. ஒரு காலில் புண் ஆறவில்லை. பார்க்கப் போனால் வழக்கைப் பற்றிப் பேசமாட்டார். டிவியில் யாரையோ கைது செய்து முகத்தைத் துணியால் மூடிக் கூட்டிப்போவதைப் பார்த்து, "இன்னும் குற்றப்பத்திரிகையே போடலை, அதுக்குள்ள இவங்க தீர்ப்பு சொல்லிட்டாங்க" என்று சலித்துக்கொள்வார். பெங்களூரிலிருந்து மகள் வந்து கூடவே இருந்தார். சாவு நிம்மதியாகவே வந்தது என்று சொன்னார்கள்.

இறுதிச் சடங்கு நாளில் அவர் வீட்டுத் தெருவில் ஷாமியானா. வழக்கறிஞர்கள், கோர்ட் ஊழியர்கள், அவர் விடுவித்தவர்கள், அவரால் விடுவிக்க முடியாமல் தண்டனை முடிந்து வந்தவர்கள். கெம்பம்மா ஒரு மூலையில் நின்றார். செல்வகுமார் போச்சம்பள்ளியிலிருந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தான். நாகரத்னாவும் வந்தார். அவரைப் பார்த்ததும் செல்வகுமார் வெளியே போகத் திரும்பினான். நான் தடுக்கவில்லை.

உள்ளே கூட்டம் நெருக்கியது. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த நீள பெஞ்சை நகர்த்தினால்தான் உடலை வெளியே கொண்டுவர முடியும். நாகரத்னா ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். கனம், தனியாக முடியவில்லை. சுற்றிலும் ஆண்கள் நின்றார்கள். அவர் வாசல் பக்கம் பார்த்து, தன் தெலுங்குத் தமிழில் குரல் கொடுத்தார்.

"செல்வண்ணா, எங்க போறே? வந்து அந்தப் பக்கம் புடி."

அவன் நின்றான். திரும்பி வந்தான். குனிந்து பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தான். அவன் தோள்கள் குலுங்கின. "பாத்து, கால்ல போட்டுக்காதே" என்றார் நாகரத்னா. இருவரும் பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தார்கள். எந்தத் தீர்ப்பாலும் அவனுக்குக் கிடைக்காத விடுதலை அது. அதைப் பார்க்க லாயரம்மா விழித்திருக்கவில்லை. பெட்டிக்குள், வெளுத்த கோட்டைப் போர்த்திக்கொண்டு, கால்கள் நீட்டி, முதல்முறையாக ஓய்வாகப் படுத்திருந்தார்.

போய் வாருங்கள் அம்மா. இனி படி ஏற வேண்டாம், வாய்தா இல்லை.

இதைப் படிக்கிறவர்களிடம், பழைய வாத்தியார் என்ற உரிமையில், ஒரு சிறு வேலை கொடுக்கிறேன். அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு பொருள் உடைந்தால், பக்கத்தில் நிற்பவரைத் திட்டுவதற்கு முன்னால், அவர் கை என்ன செய்தது, அந்த நேரத்தில் அவர் மனத்தில் என்ன இருந்தது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.